கைமுதல் எங்கிருந்து வந்தது? நார்வேயின் ஒரு பனியாற்று ஓரத்தில் மண் உருவாகும் விதம்: நிகழ்வு ஆய்வு

மூன்று நான்கு வருடம் முன்பு வரை பனிக்கட்டிக்கு அடியில் கிடந்த நிலம். சுற்றிலும் சரளை, மணல், சாம்பல் நிறத்தில் குழைந்து கிடக்கும் பாறைமாவு. ஒரு புல் கிடையாது. அங்கே ஒரு பிளாஸ்டிக் டம்ளரை அதன் வாய் தரைமட்டத்தோடு இருக்கும்படி புதைத்து, அடியில் கொஞ்சம் பதப்படுத்தும் திரவம் ஊற்றிவிட்டு வருகிறோம். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் உள்ளே என்ன கிடக்கும்?

ஒன்றும் இருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் வண்டுகள் கிடக்கின்றன, சிலந்திகள் கிடக்கின்றன. சிலந்திக்குத் தூரத்து உறவான, நூல் போல நீண்ட கால்களுள்ள, ஆனால் வலை பின்னத் தெரியாத ஹார்வெஸ்ட்மேன் கிடக்கிறது. பெரும்பாலும் பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற ரகம். புல்லே முளைக்காத இடத்தில் புல் தின்னும் பூச்சி இருக்க வழியில்லை. அது இல்லாத இடத்தில் அதைத் தின்பவனுக்கு என்ன வேலை? செடியும் இல்லாமல் மானும் இல்லாமல் ஒரு காட்டில் புலி மட்டும் கொழுகொழுவென்று உலாவுகிறது என்றால் நம்புவோமா?

பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த வழிமுறை வளர்ச்சி, அதாவது வெற்று நிலத்தில் உயிர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் குடியேறும் வரிசை, இதற்கு நேர் எதிரானது. வெறும் பாறையில் முதலில் லைக்கன் ஒட்டும் (செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி லைக்கன்தான்). பிறகு மாஸ் பாசி, புல், புதர், கடைசியில் மரம். விலங்குகள் பின்னால் வந்து சேரும். இந்த வரிசை மனதில் நன்றாக நிற்கும், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கித் தரும். ஆனால் பனியாறு பின்வாங்கிய நிலத்தில் முழங்கால் போட்டுத் தேடியவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. அப்படித் தேடியதில் விரிவாகப் பதிவான இடங்களில் ஒன்று நார்வேயின் ஃபின்சே.

ரயில் மட்டும் போகும் ஊர்

ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே 1909-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட ரயில் பாதையில் மிக உயரமான நிலையம் ஃபின்சே. கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர். ஊருக்குக் கார் போகும் சாலை இல்லை. நிலையத்தில் இறங்கித் தெற்கே பார்த்தால் ஹார்டாங்கர்யோகுலென் என்ற பனித்தொப்பி தெரியும். அதிலிருந்து வடகிழக்காக நாக்கு நீட்டியது போல இறங்குவது மிட்டால்ஸ்பிரீன் பனியாறு. பக்கத்திலேயே ஓஸ்லோ, பெர்கன் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நிலையம் இருக்கிறது. பூச்சி பொறுக்க வந்தவர்கள் ராத்திரி கூடாரத்தில் நடுங்க வேண்டியதில்லை என்பது அறிவியலுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை.

1750 வாக்கில், 'சிறு பனியுகம்' என்று சொல்லப்படும் குளிரான காலகட்டத்தில், இந்தப் பனியாறு தன் நாக்கை மிகத் தூரம் நீட்டியிருந்தது. அதன் பிறகு, நடுநடுவே நின்றும் சற்று முன்னேறியும், மொத்தத்தில் பின்வாங்கியபடியே இருக்கிறது. நின்ற இடங்களிலெல்லாம் கல்லும் மண்ணுமாக ஒரு வரப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் மொரைன் என்கிறோம். இந்த வரப்புகளின் வயது தெரியும். எனவே இன்றைய பனி ஓரத்திலிருந்து வெளிப்புறமாக நடந்தால், அடிக்கு அடி பழைய நிலத்துக்குப் போகிறோம். பனிக்குப் பக்கத்தில் மூன்று வயது நிலம், கொஞ்சம் தள்ளி முப்பது, நாற்பது வயது, கடைசி வரப்பைத் தாண்டும்போது இருநூற்றைம்பது. ஒரே பகலில் இரண்டரை நூற்றாண்டு மண் வரலாற்றை நடந்தே பார்த்துவிடலாம். ஆய்வாளர்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல் மாதிரி. அதில் ஒரு கல்லும் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நார்வே உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தின் சிக்மண்ட் ஹோக்வார் இந்த நிலத்தில் மைட் எனப்படும் நுண்ணுண்ணிகள், ஸ்பிரிங்டெயில்கள், வண்டுகள், சிலந்திகள் என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, எந்த வயது நிலத்தில் யார் வந்து குடியேறுகிறார்கள் என்று சக ஆய்வாளர்களுடன் பல வருடம் கணக்கெடுத்தார். 2009 தொடங்கி அடுத்தடுத்து வந்த கட்டுரைகளில் அந்தக் கணக்கு இருக்கிறது.

வயிற்றுக்குள் பார்த்தபோது

ஸ்பிரிங்டெயிலைப் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. ஈரமான பூந்தொட்டியைக் கிளறினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் ஏதோ சட்டென்று துள்ளி மறையுமே, அதுதான். வயிற்றுக்கு அடியில் கவை போல மடித்து வைத்திருக்கும் உறுப்பைத் தரையில் அடித்துத் தாவுகிறது. உடல் பல நேரம் கண்ணாடி போல இருப்பதால், பதப்படுத்தி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் குடலுக்குள் என்ன கிடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். தின்றதை ஒளித்து வைக்க முடியாத பிறவி.

பனி விலகிச் சில வருடங்களே ஆன நிலத்தில் இவை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. அகிரேனியா பைடென்டிகுலேட்டா ஈரச் சரளையில் வாழ்வது. கூடவே இருந்தது பூர்லெட்டியெல்லா ஹார்ட்டென்சிஸ். இரண்டாவதின் பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. ஐரோப்பியத் தோட்டங்களில் நாற்றுகளைக் கடித்து வைக்கும் சாதாரணப் பூச்சி அது. வீட்டுத் தோட்டத்தில் திட்டு வாங்கும் ஒன்று பனியாற்று ஓரத்தில் முன்னோடியாக நிற்பது எனக்குப் பிடித்த செய்தி. எதையும் தின்று எங்கும் பிழைக்கத் தெரிந்தவன்தான் புது ஊருக்கு முதலில் போவான்.

அப்படி என்ன தின்றன? கல்லின் மேலும் ஈர மணலின் மேலும் வழவழவென்று படரும் மெல்லிய படலம். அதில் டயாட்டம் போன்ற நுண்பாசிகளும் நீலப்பச்சைப் பாசியும் இருந்தன. அப்புறம், காற்றில் பறந்து வந்து விழுந்த மாஸ் பாசியின் துணுக்குகள். நின்று பார்த்தால் வெறும் கல்லாகத் தெரிகிற இடத்தில், குனிந்து பார்த்தால் ஏற்கெனவே இலை போட்டிருக்கிறது. செடி என்ற சொல்லைப் பெரிய செடிகளுக்கு மட்டும் ஒதுக்கியதால் வந்த குழப்பம் பாதி.

மைட்களில் முன்னோடியாக வந்தவற்றில் டெக்டோசெஃபியஸ் வெலாட்டஸ் ஒன்று. அதற்கு ஆணே தேவையில்லை. ஒற்றைப் பெண் காற்றிலோ ஒரு பறவையின் காலிலோ ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தால் போதும், அங்கே ஒரு குடும்பம் தொடங்கிவிடும். புது நிலத்தில் ஜோடி தேடி அலைவதுதான் பெரிய ஆபத்து. அந்த ஆபத்தையே இது தாண்டிவிட்டது.

சரி, ஸ்பிரிங்டெயிலுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது. வண்டுக்கும் ஹார்வெஸ்ட்மேனுக்கும் அந்த ஸ்பிரிங்டெயில் ஓரளவு கிடைக்கும். ஆனால் அத்தனை வேட்டைக்காரர்களுக்கு அது போதுமா?

காற்று கொண்டுவரும் சோறு

இந்தக் கேள்விக்கு அதுவரை இருந்த நல்ல பதில் ஸ்வால்பார்டிலிருந்து வந்தது. ஆர்க்டிக்கில் நீ-ஓலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்புக்குப் பக்கத்தில் மிட்ரே லோவென்பிரீன் பனியாறு இருக்கிறது. அங்கே இயன் ஹாட்கின்சன், ஸ்டீபன் கோல்சன், நைஜல் வெப் மூவரும் பனி ஓரத்தில் காற்று என்னென்ன கொண்டுவந்து கொட்டுகிறது என்று பார்த்தார்கள். கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காத கைரோனோமிட் பூச்சிகள்தான் அதிகம். கூடவே நூல் விட்டுக் காற்றில் மிதந்து வரும் குட்டிச் சிலந்திகள். அந்தச் சிலந்திகள் கல்லிடுக்குகளில் வலை கட்டுகின்றன, காற்றோடு வரும் பூச்சி வலையில் மாட்டுகிறது. தின்றது போக மிச்சம், கழிவு, அறுந்த நூல் எல்லாம் கீழே விழுந்து மணலுக்கு நைட்ரஜன் சேர்க்கின்றன. சிலந்தி வலை உர மூட்டை மாதிரி வேலை செய்கிறது. 2002-ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பிறரை நம்பிப் பிழைக்கும் உயிர்கள் ஏன் எப்போதும் முதலில் வந்து நிற்கின்றன என்று கேட்டது.

அதாவது கைமுதல் வெளியிலிருந்து வருகிறது. பக்கத்துப் பசுமையான நிலம் காற்று வழியாக அனுப்பும் மணியார்டர். நம்பத்தக்க விளக்கம், பல இடங்களில் உண்மையும்கூட. ஃபின்சேயில் ஹோக்வாரும் மிக்கேல் ஓல்சனும் கேட்டது வேறு: எல்லாமே மணியார்டர்தானா, உள்ளூரிலேயே ஏதாவது புதைத்து வைத்திருக்கிறதா?

பனி உருகும் இடத்தில் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிச் சின்னச் சின்னக் குட்டைகள் உண்டாகின்றன. நாலே வயதான குட்டை, அடியில் பாறைமாவு. அதில் கைரோனோமிட் புழுக்கள் நெளிகின்றன. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பிளட்வார்ம் என்று வாங்கிப் போடுவார்களே, அந்தக் குடும்பத்துச் சொந்தம். புழு வளர்ந்து இறக்கை முளைத்துக் கரையேறும்போது வண்டு, சிலந்தி, ஹார்வெஸ்ட்மேன் மூன்றும் காத்திருக்கின்றன. எனவே இரை உள்ளூர்ச் சரக்கு. அப்படியானால் அந்தப் புழு எதைத் தின்று வளர்ந்தது?

பூச்சிகளைப் பிடித்து கார்பன்-14 ஆய்வுக்குக் கொடுத்தார்கள். கீழடிக்குப் பிறகு கார்பன் காலக்கணிப்பு தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டிய சங்கதி இல்லை. ஆனால் உயிரோடு ஓடிக்கொண்டிருந்த வண்டுக்கு யாராவது வயது பார்ப்பார்களா? பார்த்தார்கள். 2013-ல் வெளியான முடிவு இது: குட்டையிலிருந்து கரையேறிய கைரோனோமிட் பூச்சிக்கு வயது 1,040 வருடம். அதைத் தின்ற சிலந்தி, ஹார்வெஸ்ட்மேன், வண்டுகளுக்கு 340 முதல் 1,100 வருடம். குட்டைக்குள்ளேயே புழுக்களைத் தின்றிருக்கக்கூடிய நீர்வண்டுகளுக்கு 1,100 முதல் 1,200 வரை. பனியாறு உருகி வெளியே விடும் கரிமத்தின் (கார்பனின்) வயதோ 21,000 வருடம்.

ராஜராஜன் தஞ்சையில் கோயில் கட்டுவதற்கு முன்பே பிறந்த வண்டு இன்று டம்ளரில் விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டு போன வருடம் பிறந்ததாகவே இருக்கும். அதன் உடம்பில் உள்ள கரிமம் கலப்படம். பெரும்பகுதி புதுசு, கொஞ்சம் மிகப் பழசு. நான் கையால் போட்டுப் பார்த்த கணக்கில், உடம்புக் கரிமத்தில் ஆறில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோ 21,000 வயதுச் சரக்காக இருந்தாலே சராசரி ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டிவிடும். சின்னப் பங்குதான். ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆறில் ஒரு பங்கு சாப்பாடு என்பது பெரிய தொகை.

அந்த 2013 கட்டுரை ஒரு எச்சரிக்கையும் வைத்தது. இப்படிப்பட்ட பூச்சிகளின் எச்சம் பிற்காலத்தில் யாருக்காவது படிவுகளில் கிடைத்து, அதை வைத்து அந்த நிலத்துக்கு வயது சொன்னால், 1,100 வருடம் வரை பிசகிப் போகும். தொல்சூழல் ஆய்வு செய்பவர்களுக்கு அடிவயிற்றில் புளியைக் கரைக்கும் வரி.

அந்தப் பழைய கரிமம் யாருடையது

இங்கேதான் எனக்கு ஆர்வம் கூடுகிறது. 21,000 வருடம் என்றால் கடைசிப் பனியுகத்தின் உச்சம். அப்போது செத்த செடியின் மிச்சம் பனிக்குள் உறைந்து கிடந்து இப்போது வெளிவருகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஹார்டாங்கர்யோகுலென் அவ்வளவு பழைய பனி இல்லை. சில ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய வெப்பமான காலத்தில் அது முழுசாக உருகிப் போய் மறுபடி உருவான பனித்தொப்பி.

இன்னொரு வழி இருக்கிறது. நிலக்கரியிலும் டீசலிலும் கார்பன்-14 சுத்தமாக இல்லை, கோடிக்கணக்கான வருடங்களில் அது முழுக்கச் சிதைந்துவிட்டது. அவை எரியும்போது கிளம்பும் கரிப்புகை காற்றில் வெகுதூரம் போய்ப் பனியின் மேல் படிகிறது. அது புதுக் கரிமத்தோடு கலந்தால் ஆய்வுக்கூடக் கருவி 'மிகப் பழசு' என்று படிக்கும். அலாஸ்காவின் பனியாறுகளில் கரைந்திருக்கும் பழைய கரிமத்துக்கு இந்தப் புகையே ஒரு மூலம் என்று ஆரன் ஸ்டப்பின்ஸ் குழு 2012-ல் எழுதியது. ஃபின்சே குழுவும் குட்டைகளை மேலும் ஆராய்ந்து 2016-ல் எழுதியபோது இந்தத் திசையில்தான் கை காட்டியது. எங்கோ ஒரு ஆலைப் புகைபோக்கி விட்ட கரியைப் பாக்டீரியா தின்று, பாக்டீரியாவைப் புழு தின்று, புழு பூச்சியாகி வண்டின் வயிற்றுக்குப் போகிறது என்றால், மனிதன் காலே வைக்காத நிலம் என்று நாம் நினைத்த இடத்துக்கு நாம் ஏற்கெனவே சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எந்த மூலமாக இருந்தாலும், 'முதல்நிலை வழிமுறை வளர்ச்சி' என்ற சொல் ஆட்டம் காண்கிறது. முதல்நிலை என்றால் முன்பு உயிரே இல்லாத, எந்தக் கைமுதலும் இல்லாத நிலம் என்று பொருள். கடையைத் திறப்பதற்கு முன்பே பெட்டியில் பணம் இருந்தால் அதை எப்படி முதல்நிலை என்பது என்று அந்த 2013 கட்டுரையே கேட்டுவிட்டது. என் கட்சியும் அதுதான். பனியாற்றின் அடியே வெறுமை என்பதுகூடச் சரியில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஓட் அரோலா பனியாற்றின் அடித்தளத்திலேயே பாக்டீரியா வாழ்வதை மார்ட்டின் ஷார்ப் குழு 1999-ல் காட்டிவிட்டது. பனி விலகும்போது கதவு திறக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

நைட்ரஜன், பாஸ்பரஸ், எலியின் சாணம்

கரிமம் கிடைத்தால் மட்டும் மண் ஆகிவிடாது. ஃபின்சே சொல்லாத சில பக்கங்களுக்கு வேறு பனியாறுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரு நாட்டின் பூக்கா பனியாறு சுமார் 5,000 மீட்டர் உயரத்தில், வறண்ட இடத்தில் இருக்கிறது. அங்கே ஸ்டீவன் ஷ்மிட் குழு 2008-ல் கண்டது: பனி விலகி நாலைந்து வருடத்துக்குள், மாஸும் லைக்கனும் வருவதற்கு முன்பே, நீலப்பச்சைப் பாசி பெருகிக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் வைக்கத் தொடங்கிவிட்டது. நம் நெல்வயலில் உரமாகத் தூவுகிற அதே கூட்டத்தின் உறவினர்கள். இழைகளாகப் படர்ந்து மணலைக் கட்டிப் பிடிக்கவும் செய்தன. ஆனால் பத்து வருடம் கழித்து அதே வட்டாரத்திலும் அலாஸ்காவின் நடுப்பகுதியிலும் செய்த சோதனையில் ஒரு திருப்பம். அங்கே வளர்ச்சியைக் கட்டிப் போட்டிருந்தது நைட்ரஜன் பற்றாக்குறை இல்லை, பாஸ்பரஸ் பற்றாக்குறை. பாஸ்பரஸ் உரம் போட்ட இடத்தில் பாசியும் செடியும் வேகமெடுத்தன. பாறைக்குள் பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் டாம்மா பனியாற்று முகப்பில் கருங்கல் மணலிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து அந்தக் கல்லைக் கரைப்பதைப் பேட் ஃபிரை குழு காட்டியது. பூட்டைத் திறக்கிற ஆட்கள் இவர்கள்.

மரம் வர வேண்டுமென்றால், அதன் வேரோடு கூட்டு வைத்துச் சத்து தேடித் தரும் வேர்ப்பூஞ்சையும் வேண்டும். அதன் வித்து எப்படி வரும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து லைமன் பனியாற்றில் எஃப்ரென் கசாரெஸும் ஜேம்ஸ் டிராப்பும் 1994-ல் சொன்ன பதில் கொஞ்சம் நாறும். மான், மார்மட், பிக்கா போன்ற பிராணிகள் காட்டில் நிலத்தடிக் காளான்களைத் தின்றுவிட்டு, பனி முகப்புக்கு வந்து கழிக்கின்றன. அந்தக் கழிவில் வித்து உயிரோடு வந்து இறங்குகிறது. (தலைப்பில் எலி என்றேன். பிக்கா உண்மையில் முயலின் இனம். பார்த்தால் வாலில்லாத எலி மாதிரிதான் இருக்கும்.)

பொங்கலில் உள்ள கல்

இப்போது அந்தக் கல்லுக்கு வருவோம். வரப்பு வரப்பாக நடந்து காலத்தை வாசிக்கிறோம் என்றேனே, அதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: இருநூறு வயது நிலம் தன் மூன்றாவது வயதில் இன்றைய மூன்று வயது நிலம் போலவே இருந்தது என்று. அப்படி இருந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? 1750-ன் குளிரும் இன்றைய வெப்பமும் ஒன்றா? அன்று பனி மேல் விழுந்த கரிப்புகையும் இன்று விழுவதும் ஒன்றா?

இப்படி வரப்பு வரப்பாகக் காலத்தை வாசிக்கும் முறை ஏமாற்றிய இடம் அலாஸ்காவின் கிளேசியர் பே. 1794-ல் வான்கூவரின் கப்பல் குழு பார்த்தபோது அந்த விரிகுடாவின் வாயிலிலேயே பனி நின்றது. 1879-ல் ஜான் மியூர் போனபோது பல பத்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் போயிருந்தது. 1916-ல் வில்லியம் கூப்பர் அங்கே நிரந்தரக் கட்டங்களை அளந்து குறித்து வைத்தார். டிரையாஸ் என்ற படர்செடி, பிறகு வேரில் நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவை வைத்திருக்கும் ஆல்டர் புதர், பிறகு ஸ்புரூஸ் மரம் என்று அழகான ஏணி ஒன்று அங்கிருந்துதான் உலகப் பாடநூல்களுக்குப் போனது. 1995-ல் கிறிஸ்டோஃபர் ஃபாஸ்டி மர வளையங்களை எண்ணிப் பார்த்தார். பழைய இடங்களில் ஸ்புரூஸ் ஆல்டருக்காகக் காத்திருக்கவில்லை, விதை பக்கத்தில் கிடைத்ததால் நேராகவே வந்துவிட்டது. ஒரே ஏணியின் படிகள் என்று நினைத்தவை வெவ்வேறு ஏணிகள். கூப்பரின் கட்டங்களையே 2016-ல் பிரையன் பியூமா தேடிக் கண்டுபிடித்து அளந்தார். ஒரே இடத்துக்கு நூறு வருடம் திரும்பத் திரும்பப் போய் அளப்பதற்கு ஈடான குறுக்குவழி இல்லை. அந்தப் பொறுமைக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

ஒரே பனியாற்றை நம்பாமல் உலகம் முழுக்கப் பார்க்கும் முயற்சியும் வந்துவிட்டது. ஜென்டிலே ஃபிரான்செஸ்கோ ஃபிசெட்டோலா தலைமையில் 46 பனியாற்று முகப்புகளின் மண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் வெளியானது. பூச்சியைப் பிடிக்காமலே, அது உதிர்த்துவிட்டுப் போன தடயத்தை வைத்து யார் யார் வந்தார்கள் என்று பட்டியல் போடும் முறை. அகலம் பிரமாதம். ஆனால் வண்டு யாரைத் தின்றது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதற்கு ஃபின்சே போல ஒரே இடத்தில் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிற வேலை தேவைப்படுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வயிற்றுப் பக்கம்.

ஃபின்சே முன்னோடிகளில் நெப்ரியா நிவாலிஸ் என்றொரு கறுப்பு வண்டு உண்டு. குளிர்தான் அதற்கு வீடு, பனி ஓரத்தை விட்டு அதிகம் நகராது. நிலம் பச்சை பிடிக்கும்போது மற்றவர்கள் வந்து நிறைகிறார்கள், இது பனியின் பின்னாலேயே மேலே போகிறது. வெப்பம் இப்படியே ஏறினால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹார்டாங்கர்யோகுலென் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும் என்று ரியான் கீசெனும் யோஹானஸ் ஓர்லமன்ஸும் 2010-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த உச்சி 1,800 மீட்டருக்குச் சற்று மேல். அதற்கு அப்பால் வண்டு ஏறிப் போக அங்கே மலை இல்லை.